கிளேர் சீமாட்டியின் இடது கால்

கிளேர் சீமாட்டி எட்டடி உயரம் என்று எங்கள் ஊர்ச் சாராயக்கடையில் இன்றைக்கும் அடித்துப் பேசுகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிப்பரரிக்காரனாம், பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவனாம், பாவாடை கட்டிக்கொண்டு நின்றாலும் ஒற்றைக் கையால் எருதைப் புரட்டிப் போடுவானாம். மோர் வாங்கப் போகிற வழியில் இந்தக் கதையெல்லாம் என் காதில் விழும். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சீமாட்டி என் அண்ணி. என் அண்ணன் மர்ட்டி லிட்டியின் பெண்டாட்டி, ஸ்லேனி. எட்டடியெல்லாம் இல்லை. எங்கள் வீட்டு வாசல் நிலையில் நெற்றி இடிக்கும், அவ்வளவுதான். அவள் தலையில் பேன் பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், துரையும் போய்ச் சேர்ந்துவிட்டார், போன குளிர்காலத்தில் சைனன் டால்ட்டியும் போய்விட்டான். இனிமேல் யார் யாரை நாடு கடத்தப் போகிறார்கள்? சொல்லிவிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி வந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றாளானால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. குரல் வேறு கரகரவென்று இருக்கும். கடலோரத்துக்காரி. கூடப் பிறந்த ஆண்பிள்ளை யாரும் இல்லாததால், அவள் அப்பா அவளையே ஆம்பளையாக வைத்து நிலத்தைத் தோண்ட விட்டிருக்கிறார். சின்ன வயதில் மாடு மிதித்து வலது கால் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. நடையில் தெரியாது, செருப்பைக் கழற்றினால்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தோண்டுவது அண்ணன் வேலையாகிவிட்டது. அவள் பின்னால் நின்று விதைக் கிழங்கு போடுவாள். "இவ்வளவு பெரிய உடம்பை வச்சிக்கிட்டு இவ்வளவு சின்ன வேலையா?" என்று நான் குத்திக் காட்டுவேன். "உன் வாய்க்கு எவ்வளவு பெரிய வேலை இருக்கு, அதைப் பாருடி" என்பாள். நாத்தனாரும் அண்ணியும் வேறு எப்படிப் பேசிக்கொள்வோம்?

இலையுதிர் காலத்தில் காய்ச்சல் வந்து அண்ணன் செத்துப்போனான். மூன்று பிள்ளைகள். எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்த நிலம் ஏது? துரையின் நிலத்தில் ஒரு துண்டை ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்து, உருளைக்கிழங்கு போட்டு, அதை வைத்துத்தான் அடுத்த அறுவடை வரை வயிறு கழுவ வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் டாஷ்வுட் துரை ஒரே போடாகப் போட்டார். இனிமேல் ஆற்றோரத்து நிலம் முழுக்கப் புல்தான், எருதுகளுக்கு மட்டும்தான், ஒரு துண்டும் யாருக்கும் கிடையாது என்றார். எருது கொழுத்தால் கப்பலேற்றி விற்கலாம். நாங்கள் கொழுத்து என்ன பிரயோஜனம்?

அந்த வசந்தத்தில் கிளேர் சீமை முழுக்க இதே கூத்துதான். அதற்கு ஆண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெண்டாட்டியின் பாவாடையைக் கட்டிக்கொள்வது, தலையில் முக்காடு, முகத்தில் கரி. பட்டப்பகலில் கூட்டமாகப் போய்த் துரையின் புல்வெளியைக் கொத்திப் புரட்டிவிடுவது. புரட்டிய நிலத்தில் புல் ஏது? கிழங்குக்கு விடுவதைத் தவிர துரைக்கு வேறு வழி இருக்காது. முன்னால் நின்று நடத்துகிறவனுக்குக் கிளேர் சீமாட்டி என்று பெயர். ஊருக்கு ஊர் ஒரு சீமாட்டி இருந்தான். எங்கள் ஊரில் மட்டும் இல்லை. ஏனென்றால் சாராயக்கடையில் உட்கார்ந்து, யார் சீமாட்டி என்பதிலேயே இவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவனுங்க சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள விதைக்கிற காலமே போயிரும்டி வின்னி," என்றாள் அண்ணி.

"அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

"நான் சீமாட்டியாப் போறேன்."

"பொம்பளை சொன்னா இவனுங்க கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பானுங்க!"

"பொம்பளைன்னு யாருடி சொல்லப்போறா?"

பெட்டியைத் திறந்து அண்ணனின் கால்சட்டையையும் பூட்ஸையும் எடுத்தாள். அவற்றைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் என் அம்மாவின் பழைய பாவாடையைக் கட்டினாள். பாவாடை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அடியில் கால்சட்டை பளிச்சென்று தெரிந்தது.

"கொஞ்சம் இறக்கிக் கட்டு அண்ணி, கால்சட்டை தெரியுது."

"தெரியணும்டி. அப்பத்தான் எவனோ ஒரு ஆம்பளை பாவாடை கட்டிட்டு வந்திருக்கான்னு நம்புவானுங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொம்பளை வேஷம் போட்ட ஆம்பளையைப் போல வேஷம் போடுகிற பொம்பளை! அப்புறம்தான் மற்றது உறைத்தது. பிடிபட்டால் நாடு கடத்தி, உலகத்தின் மறுகோடியில் இருக்கிற நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். போனவர்கள் திரும்பியதில்லை.

"பிடிச்சிட்டாங்கன்னா பிள்ளைங்களை நீ பாத்துக்க," என்றாள்.

"நானா? உன் பிள்ளைங்களையா? ஆளை விடு தாயே," என்றேன்.

சொன்னேனே தவிர, கரியை அரைத்துக் கொடுத்தது நான்தான். மேட்டில் ஆடு மேய்க்கிற சாக்கில் உட்கார்ந்து, போலீஸ் வந்தால் கொம்பு ஊதவும் நான்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவள் ஊர்ப்பக்கமிருந்து வரவில்லை. மலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தாள். சாராயக்கடைக் கூட்டம் பாவாடையும் முக்காடுமாக வேலியோரத்தில் நின்று, யார் முதலில் நிலத்தில் இறங்குவது என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தது. அண்ணி யாரையும் பார்க்கவில்லை. நேராக நடு நிலத்துக்குப் போய் மண்வெட்டியை ஊன்றி, இடது காலால் ஒரு மிதி மிதித்து, ஒரு கட்டி மண்ணைப் புரட்டிப் போட்டாள். அத்தனை பேர் கண்ணும் அந்தக் காலுக்குப் போயிற்று.

அந்த இடது கால்தான் காரியத்தைச் சாதித்தது. எங்கள் ஊரில் மண்வெட்டியை எல்லோரும் வலது காலால்தான் மிதிப்போம். ஷானன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டிப்பரரியில், இடது கால். பிறந்ததிலிருந்து பழகியதை யாரும் மாற்றிக்கொள்வதில்லை. முகத்தில் எவ்வளவு கரி பூசினாலும் எந்த ஊர்க்காரன் என்பதைக் கால் சொல்லிவிடும். "டிப்பரரிக்காரன்டா!" என்று ஒருவன் கிசுகிசுத்தான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. உள்ளூர்க்காரன் எவனுக்கும் அடங்காதவர்கள், வெளியூர்க்காரன் என்றதும் ஆட்டுக்குட்டிகளாக வரிசையில் நின்றார்கள். வலது காலை மாடு மிதித்ததால் வந்த பழக்கம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி அதிகம் பேச மாட்டாள். மண்வெட்டிக் கைப்பிடியால் சுட்டிக் காட்டுவாள், ஆட்கள் அங்கே போவார்கள். ஒருவனிடம் மட்டும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அவன்தான் சைனன் டால்ட்டி. பெண்டாட்டியை இழந்தவன். நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் மூடாது. வலது கை மாதிரி கூடவே ஒட்டிக்கொண்டு, தோண்டுவதை விட்டுவிட்டு யோசனை சொல்லிக்கொண்டிருப்பான். "வாயை மூடிட்டுத் தோண்டு," என்பாள் அண்ணி, அடித்தொண்டையில். அந்த வசந்தம் முழுக்கச் சீமாட்டி அவனிடம் பேசியது இது ஒன்றுதான்.

அதே சைனன் சாயங்காலமானால் எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கு வருவான். விதவைக்கு உதவியாம். அடுப்பெரிக்கக் காய்ந்த சதுப்புமண் இரண்டு கட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எங்கள் மோரைக் குடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். அவன் கண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாத, ஸ்லேனி. இன்னிக்குச் சீமாட்டி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு."

"அப்படியா? கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"'சைனன், இந்த ஊர்ல ஆம்பளைன்னா நீ ஒருத்தன்தாம்ப்பா'ன்னாரு."

அண்ணி குனிந்து அடுப்பை ஊதினாள். தோள் குலுங்கியது. "அவ்வளவும் சொன்னாரா?"

"அதுக்கு மேலயும் சொன்னாரு. 'ஏன் தனியாக் கிடந்து அல்லாடுற? நல்ல விதவையாப் பாத்துக் கட்டிக்கோ'ன்னாரு."

"ரொம்பப் பேசுற ஆளாட்டம் இருக்கே!"

"என்கிட்ட மட்டும்தான்," என்றான் சைனன் பெருமையாக.

நான் எழுந்து வெளியே போய் ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். போலீஸ் தலைவர் ஸ்ப்ரூல் நான்கு கான்ஸ்டபிள்களோடு நிலத்துக்கு வந்தார். வடக்கத்திக்காரர். போலீஸ்காரனை அவன் சொந்தச் சீமையில் வேலைக்குப் போட மாட்டார்கள், அதனால் எங்கள் ஊரில் யார் எவர் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. "ராஜா பேரால சொல்றேன், கலைஞ்சு போங்க!" என்று கத்தினார். நான் கொம்பை ஊதியிருந்தேன், எல்லோரும் ஓடத் தயார். அண்ணி ஓடவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல், அவரைப் பார்த்து நடந்தாள். ஓடத் தயாராக இருந்தவர்கள் வெட்கப்பட்டுப் பின்னால் வந்தார்கள். ஸ்ப்ரூல் ஒரு அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. அப்புறம் திரும்பியே நடந்துவிட்டார்.

நடந்துவிட்டு என்ன பண்ணுவார், பாவம்? சீமாட்டி ஏழடி உயரம், இடுப்பில் இரண்டு துப்பாக்கி, பின்னால் எண்ண முடியாத சேனை என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். டாஷ்வுட் துரையும் தலைநகர் டப்ளினுக்கு எழுதினார். அவர் துரை மட்டுமல்ல, எங்கள் மாஜிஸ்திரேட்டும் அவர்தான். பூதத்தைப் பிடிக்கப் பட்டாளம் வந்து இறங்கியது.

கடைசி மூலை மட்டும் பாக்கியிருந்த வெள்ளிக்கிழமை அது. குதிரைகளைப் பார்த்ததும் நெஞ்சு வெடிக்கிற மாதிரி கொம்பை ஊதினேன். தாடி வைத்த ஆம்பளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்சுவர் ஏறிக் குதித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. ஆனால் அப்போது நான் சிரிக்கவில்லை. அண்ணி சுவரோரம் நின்று ஒவ்வொருவனையும் முதுகில் தள்ளி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் தாண்டியதும் அவள் ஏறினாள். வலது கால் கல்லில் வழுக்கியது. பாவாடை சிக்கிக்கொண்டது.

"பிடிச்சாச்சு! கால்சட்டையைப் பாருங்கய்யா, இவன்தான்!" என்று ஸ்ப்ரூல் அலறினார்.

கொம்பைப் புதருக்குள் எறிந்துவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை நாள். சத்திரத்து மாடி அறையில் துரை உட்கார்ந்திருந்தார். கரி பூசிய முகத்தோடு அண்ணியை நேராக அங்கேயே கொண்டுபோனார்கள். ஊர் ஜனம் முழுக்கப் பின்னால் திரண்டது. அவசரமாக முகம் கழுவிய ஆம்பளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள், காதுக்குப் பின்னால் கரி அப்படியே இருந்தது. மாடிப்படியில் முண்டியடித்து அவள் பக்கத்தில் போனேன்.

"பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்றாள் மெதுவாக. முதல் கேள்வி அதுதான்.

"சாப்பிட்டாங்க. இதக் கேளு. சத்தியம் பண்ணச் சொல்லிச் சாமி புத்தகத்தை நீட்டுவாங்க. புத்தகத்துக்கு முத்தம் குடுக்காத. உன் கட்டை விரலுக்கு முத்தம் குடு. அப்புறம் என்ன பொய் வேணா சொல்லு, பாவம் ஒட்டாது." எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி அது.

அதற்குள் கான்ஸ்டபிள் என்னைத் தள்ளிவிட்டான்.

துரைக்கு அன்று திருவிழா. அறை நிரம்புகிறவரை காத்திருந்தார். "எல்லாரும் நல்லாப் பாருங்க. உங்க சீமாட்டியோட சவுரியை நானே கழட்டப்போறேன்," என்று எழுந்து வந்தார். முக்காட்டை உருவி எறிந்தார். முடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஆத்தாடி!" என்று கத்தினாள் அண்ணி.

சவுரியை இறுக்கிக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் பிடித்து மறுபடியும் இழுத்தார். பின்னல் அவிழ்ந்து இடுப்பு வரை விழுந்தது.

"அடப்பாவிங்களா, அது நம்ம மர்ட்டி பொண்டாட்டிடா!" என்று யாரோ கூவினார்கள். "புருஷன் செத்தவ முடியைப் பிடிச்சு இழுக்கறாரே மனுஷன்!" அறை கொதித்தது. துரை சூடு பட்டவரைப் போலக் கையை உதறிக்கொண்டார். சத்திரக்காரி தண்ணீர் கொண்டுவந்து அண்ணியின் முகத்தைக் கழுவிப் பார்த்துவிட்டு, "பொம்பளைதாங்க துரை. வேணும்னா நான் சத்தியம் பண்றேன்," என்றாள்.

"இந்தக் கால்சட்டை?" என்றார் ஸ்ப்ரூல்.

"என் வீட்டுக்காரரோடது. குளிருக்குப் போட்டுக்கிட்டேன். அவருக்கு இனிமே எதுக்கு?"

துரை நாற்காலியில் விழுந்தார். எப்படியாவது மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும். "சீமாட்டி யாருன்னு உனக்குத் தெரியும். புத்தகத்து மேல சத்தியம் பண்ணிச் சொல்லு. யாரவன்?"

புத்தகத்தை நீட்டினார்கள். நான் என் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, புத்தகத்தின் அட்டையிலேயே சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன். கடலோரத்துப் பிடிவாதம்! சாமி புத்தகத்தைத் தொட்டுவிட்டுப் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"நான்தான் துரை," என்றாள்.

 கூரை இடிகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. அவள் கை காட்டிய பக்கமெல்லாம் போய்த் தோண்டியவர்கள், அவள் தள்ளிவிட்டதால் சுவர் ஏறித் தப்பியவர்கள், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சைனன். "ஸ்லேனியா! யம்மா, சீமாட்டியோட ஒரு தொடைக்கு ஆவாளா இவ?"

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஸ்ப்ரூல் அண்ணியின் தோளைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அன்று தன்னை நோக்கி நடந்து வந்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. துரை ஸ்ப்ரூலின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. பேனா கையில் இருந்தது. அவள் சொன்னதை எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆனால் என்னவென்று எழுதுவார்? பட்டாளத்தை வரவழைத்தது ஒரு விதவைக்காக என்றா? போலீஸ் பின்வாங்கியது மூன்று பிள்ளை பெற்றவளைப் பார்த்து என்றா? டப்ளினில் வேலைக்காரப் பெண்கள்கூட விழுந்து விழுந்து சிரிப்பார்களே.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஸ்ப்ரூல், நீங்க பார்த்தது இவளையா?"

"இல்லீங்க. அவன் இதைவிட ரொம்ப உசரம்," என்றார் ஸ்ப்ரூல், கூரையைப் பார்த்தபடி.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். புருஷன் செத்த துக்கத்துல இவளுக்குப் புத்தி பிசகிப்போச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் கால் தரையில் படவில்லை. வழியெல்லாம் நான் உளறிக்கொண்டே வந்தேன். அவள் முன்னால் நடந்தாள். பாலத்தில் நின்று அழுதாள். மாஜிஸ்திரேட் முடியைப் பிடித்து இழுத்தபோது அழாதவள் அங்கே அழுதாள்.

"சாமி மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன்டி. ஒருத்தன் நம்பல. நம்மாளுங்ககூட நம்பலயே."

"நம்பியிருந்தா கப்பல்ல இருப்ப, அண்ணி."

"தெரியும்டி. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

ஒரு மூலை தவிர நிலம் முழுக்கப் புரட்டியாகிவிட்டது. புரட்டியதைத் திரும்ப ஒட்டிவைக்கத் துரையால் முடியுமா? கிழங்குக்கே விட்டார். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு ஆற்றோரத்தில் ஒரு துண்டு விழுந்தது. சீமாட்டி டிப்பரரிக்கே போய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்து பாத்தி கட்டப் போனோம். கூப்பிடாமலே மண்வெட்டியோடு சைனன் வந்து நின்றான், வாயையும் திறந்துகொண்டு.

"போகும்போது சீமாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, ஸ்லேனி. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. 'சைனன், உன்னை நம்பித்தான் இந்த ஊரை...'"

அண்ணி அண்ணனின் மண்வெட்டியை ஊன்றினாள். இடது காலால் ஒரு மிதி. ஒரு கட்டி மண் புரண்டு விழுந்தது.

சைனன் பேச்சு பாதியில் நின்றது. அவன் கண் அந்தக் காலிலேயே நின்றது. கடலோரத்துக்காரி எங்கே, டிப்பரரிக் கால் எங்கே? காலிலிருந்து கண் மெதுவாக மேலே ஏறி, தோளுக்கு வந்து, முகத்துக்கு வந்தது. எனக்கு உயிர் கையில் இல்லை. ஊர் வாயே அவன்தான். இவன் சாராயக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், கீழே வைத்த பேனாவைத் துரை எடுத்தே ஆக வேண்டும்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அடித்தொண்டையில் சொன்னாள்: "வாயை மூடிட்டுத் தோண்டு, சைனன்."

அவன் தொப்பியைக் கழற்றினான். தூறல் விழுந்துகொண்டிருந்தது, திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பாத்திகள் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசாமல் தோண்டினான். சைனன் டால்ட்டி ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்ததை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். போகும்போது அவள் முன்னால் வந்து நின்றான்.

"உத்தரவு வாங்கிக்கிறேன், சீமாட்டி," என்றான்.

அண்ணி முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

கல்யாணத்துக்கு அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் வந்து தோண்ட மட்டும் விட்டாள். அவனும் வந்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வயிறு காயவில்லை. ஸ்ப்ரூல் எழுதிய ஏழடியை எட்டடியாக்கியது யார் என்று கேட்கிறீர்களா? சைனன்தான். யாராவது சாராயக்கடையில் உட்கார்ந்து, "ஏன்டா, அன்னிக்கு மர்ட்டி பொண்டாட்டி ஏதோ சொன்னாளே?" என்று ஆரம்பித்தால் போதும், அவன் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பான். "போடா, நான் பக்கத்துல நின்னு பாத்தவன்டா! எட்டடிக்கு ஒரு விரக்கடை குறையாது!" என்பான். சாகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.